மருதாணி அழிகிறது, பச்சை குத்தியது அழிவதில்லை: தோலுக்குள் நடப்பது என்ன?

கேள்வி: உசிலம்பட்டி வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் அப்பத்தாவின் முன்கையில், அவர் மணமாகி இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே குத்திக்கொண்ட பச்சை, கோலமும் தேளுமாக இன்றும் இருக்கிறது. கோடுகள் சற்றே கலங்கி நீலம் பாய்ந்திருந்தாலும் வடிவம் தெளிவாகத் தெரிகிறது. என் மகள் சித்திரைத் திருவிழாவுக்காக இலை பறித்து அரைத்து இட்டுக்கொண்ட மருதாணியோ, உள்ளங்கையில் கருஞ்சிவப்பாகப் பிடித்தும், பள்ளி திறப்பதற்கு வெகு நாள் முன்பே திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டது. புறங்கையில் அது முதலிலிருந்தே நன்றாகப் பிடிக்கவில்லை. நகங்களில் மட்டும் இன்னும் மாறாமல் இருக்கிறது.

இரண்டும் தோலில் ஏற்றிய நிறங்கள்தாமே? ஒன்று வாரக்கணக்கில் போவதற்கும் மற்றொன்று ஆயுளுக்கும் நிற்பதற்கும் காரணம் என்ன? நிறத்தோடு உதிர்ந்து போகும் பகுதி உடலுக்கு என்ன செய்கிறது, உதிராமல் நிற்கும் பகுதி என்ன செய்கிறது என்பதையும் விளக்கினால் உதவியாக இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் எண்ணெய் தேய்த்தால் தோல் மூச்சுவிட முடியாது என்று என் கொழுந்தனார் சொல்கிறார். அது உண்மையா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற தோல் மருத்துவர், மதுரை

வணக்கம் அம்மா. நிறம் எந்த அடுக்கில் தங்குகிறது என்பதில்தான் உங்கள் முதல் கேள்விக்கான விடை இருக்கிறது. தோல் என்று நாம் ஒன்றாகச் சொல்வது, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த, தம்முள் முற்றிலும் வேறுபட்ட இரண்டு திசுக்களை. மேலே இருப்பது மேல்தோல். உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாக உடலின் பெரும்பகுதியில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், அதில் இரத்தக் குழாயே கிடையாது. அதன் கீழே ஓரிரு மில்லிமீட்டர் தடிமனில் உள்தோல் இருக்கிறது. இரத்தக் குழாய்கள், நரம்பு முனைகள், வியர்வைச் சுரப்பிகள், மயிர்க்கால்கள் எல்லாம் அங்கேதான் அமைந்திருக்கின்றன. அதற்கும் கீழே கொழுப்பு.

மேல்தோலின் அடிவரிசையில் உள்ள செல்கள் ஓயாமல் பிளந்து புதிய செல்களை உண்டாக்குகின்றன. புதியவை பிறக்கப் பிறக்கப் பழையவை மேலே தள்ளப்படுகின்றன. மேலே ஏறும்போதே கெரட்டின் என்னும் புரதத்தால் தம்மை நிரப்பிக்கொண்டு, உட்கருவை இழந்து, தட்டையாகி, உச்சியை அடையும்போது உயிரற்ற செதில்களாகிவிடுகின்றன. அடியில் பிறந்த ஒரு செல் மேலே வந்து உதிர்வதற்கு ஏறக்குறைய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். முதுமையில் இது இன்னும் மெதுவாக நடக்கும்.

மருதாணி இலையில் உள்ள லாசோன் என்னும் நிறப்பொருள் இந்தச் செதில்களின் கெரட்டினோடு பிணைந்துகொள்கிறதே தவிர, செதிலடுக்கைத் தாண்டிக் கீழே போய்ப் பதிவதில்லை. ஆகவே செதில்கள் உதிர உதிர நிறமும் போய்விடுகிறது. மேலடுக்கு மட்டும் உதிர்ந்தால் போதும் என்பதால்தான் அது நான்கு வாரம்கூட நிற்பதில்லை; பாத்திரம் துலக்கும் கையில் இன்னும் விரைவாகவே போகும். உடலின் பிற இடங்களில் இந்தச் செதில்கள் பதினைந்து, இருபது அடுக்குகள் இருந்தால், உள்ளங்கையில் அதைப் போலப் பல மடங்கு இருப்பதால் அங்கே நிறம் அழுத்தமாகவும் புறங்கையில் வெளிறியும் பிடிக்கிறது. அரைக்கும்போது புளியோ எலுமிச்சையோ சேர்ப்பதிலும் பொருள் இருக்கிறது. இலையிலிருந்து லாசோன் வெளிப்படப் புளிப்பு துணைசெய்யும். நகமும் கெரட்டின்தான். அது செதில் செதிலாக உதிராமல் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்ந்து முன்னே நகர்வதால், நகத்திலுள்ள நிறம் வெட்டி எறியப்படும்வரை அங்கேயே இருக்கும்.

பச்சை குத்தும் ஊசி மேல்தோலைக் கடந்து உள்தோலில் கரியைச் சேர்க்கிறது. அங்கே செல்கள் மேல்நோக்கி நகர்வதில்லை. அந்நியப் பொருள் நுழைந்துவிட்டது என்று ஓடிவரும் பெருவிழுங்கி செல்கள் கரித்துகளை விழுங்கிவிடுகின்றன, ஆனால் அதைச் செரிக்க அவற்றால் முடிவதில்லை. அந்தச் செல்கள் மடியும்போது வெளிப்படும் கரியை அடுத்து வரும் செல்கள் விழுங்கிக்கொள்கின்றன என்பதைப் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018-இல் எலிகளில் காட்டினார்கள். இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் உங்கள் அப்பத்தாவின் தேள் இத்தனை ஆண்டுகள் நின்றிருக்கிறது. சிறிதளவு துகள் நிணநீர்க் கணுக்களுக்குப் போய்விடுவதாலும், எஞ்சியது சற்றே பரவுவதாலும் கோடுகள் கலங்குகின்றன. கரி கறுப்பாக இருந்தும் நீலமாகத் தெரிவதற்குக் காரணம், அதன் மேலே உள்ள தோல் ஒளியின் நீலப் பகுதியை அதிகமாகச் சிதறடித்து நம் கண்ணுக்கே திருப்பி அனுப்புவதுதான்.

இனி, உதிர்ந்து போகும் பகுதியின் வேலை. இறந்த செதில்கள்தாமே என்று அதை எளிதாக நினைத்துவிட வேண்டாம். உடம்பின் நீர் உடம்புக்குள்ளேயே இருப்பது அதனால்தான். செதில்கள் செங்கற்களாகவும், அவற்றுக்கிடையே உள்ள செராமைடு முதலான கொழுப்புப் பொருள்கள் சாந்தாகவும் அமைந்த சுவர் அது. கைகளை அடிக்கடி காரமான சோப்பால் கழுவுகிறவர்களுக்குத் தோல் வறண்டு வெடிப்பதன் காரணம், செங்கல் அப்படியே இருக்கச் சாந்து மட்டும் கரைந்து போவதே. தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத் தன்மை உடையது, சோப்பு காரம். இந்தச் சுவருக்குச் சற்றுக் கீழே காவல் செல்களும் இருக்கின்றன. பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் ஜெர்மானியர் மருத்துவ மாணவராக இருந்தபோதே 1868-இல் அவற்றைக் கண்டு, கிளை விரித்த தோற்றத்தால் நரம்பு செல்கள் என்று கருதினார். உள்ளே நுழையும் கிருமியின் அடையாளத்தை நோய் எதிர்ப்பு அமைப்புக்குக் கொண்டுபோய்க் காட்டுபவை அவை என்பது நூறு ஆண்டுகள் கழித்தே தெளிவாயிற்று.

மறுமொழி: திண்டுக்கல் தோல் ஷாப்காரர்

மருத்துவர் ஐயா சொன்ன இரண்டு அடுக்குகளையும் கையால் பிரித்துப் பார்க்கும் தொழில் எங்களுடையது என்பதால் இதை எழுதுகிறேன். உப்புப் போட்டு வரும் ஆட்டுத் தோலை நீரில் ஊறவைத்துச் சுண்ணாம்புத் தொட்டியில் இறக்கினால், சில நாட்களில் மயிரும் மேல்தோலும் இளகி ஒன்றாகவே வழிந்து வந்துவிடும். அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் கத்தியால் சீவி எடுத்தபின் வெள்ளையாக, வழவழப்பாக எஞ்சுவதே உள்தோல். செருப்பாகவும் பையாகவும் நாம் பயன்படுத்துவது அதை மட்டுமே; செருப்பின் மேல் தெரியும் சிறு புள்ளிகள் மயிர்கள் இருந்த குழிகள்.

உள்தோலின் உறுதிக்குக் காரணம் கொலாஜன் என்னும் புரத நார். அது துணியைப் போல இரு திசையில் மட்டும் ஓடாமல் எல்லாத் திசைகளிலும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடப்பதால்தான், எந்தப் பக்கம் இழுத்தாலும் தோல் எளிதில் கிழிவதில்லை. பச்சையாக விட்டால் அந்த நார் அழுகிவிடும். கொதிக்க வைத்தால் கரைந்து வச்சிரப் பசையாகிவிடும். முற்காலத்தில் ஆவாரம்பட்டையிலும் பிறகு கடுக்காயிலும் ஊறவைத்தார்கள். அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் நார்களை ஒன்றோடொன்று பிணைத்து, அழுகாதபடி செய்துவிடும்.

அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சுவதற்குப் பக்தர்கள் தோளில் மாட்டிவரும் ஆட்டுத்தோல் பையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நீரைத் தடுப்பது மேல்தோல் என்பதற்கு அந்தப் பையே சான்று. மேல்தோல் போன பிறகு வெறும் உள்தோலில் நீரை நிரப்பினால், கிழிசல் ஒன்றுமில்லாமலே மெல்லக் கசிந்து வெளிப்புறம் ஈரமாகும்.

மறுமொழி: வில்லாபுரம் அன்பர்

வாசகி அவர்களின் கொழுந்தனார் சொன்னதில் தவறில்லை என்றே நான் கருதுகிறேன். தோல் என்பது நுண்துளைகளால் மூச்சுவிடும் உறுப்பு. உடலின் நச்சுகள் வியர்வையோடுதான் வெளியேறுகின்றன. கோடையில் எண்ணெயோ பவுடரோ பூசித் துளைகளை அடைத்துவிட்டால் கழிவுகள் உள்ளேயே தங்கி உடல் சூடாகும். நன்றாக வியர்க்க வியர்க்க உடம்பு சுத்தமாகும் என்று பெரியவர்கள் சொன்னது அனுபவத்தில் விளைந்த சொல்.

மறுமொழி: திருமங்கலம் ஆசிரியர்

வில்லாபுரம் அன்பர் மன்னிக்க வேண்டும். தவளை தோலால் மூச்சுவிடும், மனிதன் விடுவதில்லை. மேல்தோலில் இரத்தக் குழாய் இல்லாததால் அதன் வெளிப்பகுதி தனக்கு வேண்டிய ஆக்சிஜனைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது என்பது உண்மையே. ஆனால் உடம்புக்கு வேண்டியதைத் தருவது நுரையீரல்தான். வியர்வையில் பெரும்பங்கு நீர், அடுத்தது உப்பு, சிறிதளவு யூரியாவும் பிறவும். கழிவை அகற்றும் பொறுப்பு கல்லீரலுடையதும் சிறுநீரகத்துடையதும். வியர்வையைச் சுத்திகரிப்பு என்று எண்ணுவதால் அதன் உண்மையான வேலை நம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

அந்த வேலை வெப்பத்தை வெளியேற்றுவது. உடல் ஓய்விலும் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. காற்று குளிர்ந்திருக்கும்போது, உள்தோலின் குழாய்கள் விரிந்து இரத்தத்தை மேற்பரப்புக்குக் கொண்டுவந்தால் போதும், வெப்பம் தானாகக் காற்றுக்குப் போய்விடும். சாதாரண நிலையில் தோலுக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவாகப் பாயும் இரத்தம், கடும் வெப்பத்தில் 6 முதல் 8 லிட்டர்வரை உயரக்கூடும். வெயிலில் வெகுநேரம் நிற்பவர்கள் தலைசுற்றி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் தோலின் வெப்பநிலை 35 டிகிரி அளவில் இருக்க, மே மாத மதுரையில் காற்று 40 டிகிரியைத் தொடும்போது வெப்பம் வெளியே போவதற்குப் பதிலாக உள்ளே வரத் தொடங்குகிறது. அப்போது உடலுக்கு எஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாவதுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுமையாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். சும்மா அமர்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் உண்டாக்கும் வெப்பம் அது. இதற்காக நமக்கு 20 முதல் 40 இலட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. எருமைக்கு அவை மிகக் குறைவாக இருப்பதால்தான் உச்சி வெயிலில் அது கண்மாயை விட்டு எழுவதில்லை.

ஆவியாதல் என்ற சொல்லை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சொட்டுச் சொட்டாக வழிந்து சட்டையில் இறங்கும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை, உடலின் நீரையும் உப்பையும் வீணாக்குகிறது. தூத்துக்குடியில் 35 டிகிரியில் நாம் படும் பாட்டை மதுரையில் 39 டிகிரியில் படாமல் இருப்பது, இங்கே பிற்பகல் காற்று உலர்ந்திருப்பதால்தான். அதனால் மதுரை வெயில் பாதுகாப்பானது என்று கொள்ளக் கூடாது. உலர்ந்த காற்றில் வியர்வை வெளிப்பட்ட உடனே ஆவியாகிவிடுவதால், எவ்வளவு நீரை இழந்தோம் என்பதே தெரியாமல் போகிறது. மேலூர்ப் பக்கம் கல்குவாரியில் வேலை செய்பவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் வியர்ப்பது வியப்பில்லை. வெயில் வேலைக்குப் புதிதாக வருகிறவர் உடல் பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். அதன் பிறகு வியர்வை விரைவாகத் தொடங்கும், அளவு கூடும், அதிலுள்ள உப்பு குறையும். புதியவர்களை முதல் நாளே முழு வேலையில் இறக்குவது ஆபத்தானது என்பதை மேஸ்திரிகள் அறிந்திருக்க வேண்டும்.

எண்ணெய்க் குளியலைப் பொறுத்தவரை, தேய்த்துச் சிறிது நேரம் ஊறிச் சீயக்காயால் கழுவிவிட்டால் நல்ல உடல்நிலை உள்ளவர்களுக்குத் தீங்கு நேர்வதாகத் தெரியவில்லை. எண்ணெயை உடம்பில் வைத்துக்கொண்டே வெயிலில் அலைவதுதான் தவறு.

மறுமொழி: ஓய்வுபெற்ற தோல் மருத்துவர், மதுரை

ஆசிரியர் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். துளை அடைபடுவது என்பது முழுக் கற்பனையும் அன்று. வியர்வையில் ஊறி ஊறிச் செதிலடுக்கு உப்பிவிட்டால் வியர்வைக் குழாயின் வாய் அடைபட்டு, வியர்வை தோலுக்குள்ளேயே கசிந்து அரிக்கும். வேர்க்குரு என்பது அதுதான். கெட்டியான எண்ணெய்ப் பசையும், அப்பி அப்பிப் போடும் பவுடரும் அதை மிகுவிக்கும். தளர்ந்த பருத்தி உடையும் காற்றோட்டமும் எந்தக் களிம்பையும்விட நன்கு வேலை செய்யும்.

மருதாணி குறித்து ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒரு மணி நேரத்தில் கன்னங்கறுப்பாகப் பிடிக்கும் என்று திருவிழாக் கடைகளில் விற்கும் கோன்களை வாங்காதீர்கள். இலை மருதாணி அவ்வளவு விரைவாகக் கறுக்காது. காற்றுப்பட்டு ஓரிரு நாளில்தான் அதன் நிறம் முழுமையாகும். கறுப்புக்காகச் சேர்க்கப்படும் பாரா-பினைலீன் டையமின் என்னும் முடிச்சாயப் பொருள், கோலம் வரைந்த அதே வடிவத்தில் கொப்புளம் எழுப்புவதை மருத்துவமனையில் கண்டிருக்கிறேன். ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். பிற்காலத்தில் தலைமுடிச் சாயம் பட்டாலும் முகம் வீங்கும்.

மறுமொழி: உசிலம்பட்டி வாசகி

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இன்னும் ஒன்றைக் கேட்க வேண்டும். எங்கள் தெருவில் பஜ்ஜிக் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு முன்கையில் கொதிக்கும் எண்ணெய் கொட்டிவிட்டது. ஓரங்களில் பழைய தோலைப் போலவே வளர்ந்து முடியும் முளைத்துவிட்டது. நடுவில் மட்டும் வழவழவென்று வெளிறி இறுகிய தழும்பாக இருக்கிறது. மேல்தோல் அடியிலிருந்து தானே வளர்ந்துகொண்டே இருக்கிறது என்றால், நடுவில் ஏன் வளரவில்லை?

மறுமொழி: தீக்காயப் பிரிவுச் செவிலியர்

சகோதரிக்கு வணக்கம். மேல்தோல் வளர்வதற்கு அடிவரிசைச் செல்கள் உயிரோடிருக்க வேண்டும். அந்தச் செல்கள் மேலே மட்டும் இல்லை. மயிர்க்கால்களின் உட்சுவராகவும் வியர்வைக் குழாய்களின் உட்சுவராகவும் உள்தோலுக்குள் ஆழமாக இறங்கியிருக்கின்றன. எண்ணெய் மேலோட்டமாகச் சுட்ட ஓரங்களில் அவை பிழைத்ததால், ஒவ்வொரு மயிர்க்காலிலிருந்தும் புதிய தோல் சிறு தீவாகப் படர்ந்து இரண்டு மூன்று வாரங்களில் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். நடுவில் மயிர்க்கால்களே வெந்துவிட்டதால் அங்கே முளைப்பதற்கு ஒன்றும் எஞ்சவில்லை. விளிம்பிலிருந்து தோல் மெல்ல ஊர்ந்து வருவதற்குள் உடல் அந்த இடத்தைத் தழும்புத் திசுவால் நிரப்பிவிட்டது. ஆழமாக வெந்த இடத்தில் வலி குறைவாக இருப்பதும் இதே காரணத்தால்தான், நரம்பு முனைகளும் எரிந்துபோயிருக்கும். வலி இல்லையே என்று நோயாளியும் உறவினர்களும் நிம்மதி அடைவதைப் பார்க்கும்போது எங்களுக்குத்தான் கவலை மிகும்.

பெரிய காயமாக இருந்தால் தொடையிலிருந்து அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் தோலைச் சீவி எடுத்து ஒட்டுவார்கள். தொடையில் மயிர்க்கால்களின் அடிப்பகுதி மிஞ்சுவதால் அந்த இடம் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் தானே ஆறிவிடும். ஒட்டிய இடத்திலோ வியர்வைச் சுரப்பிகள் மீண்டும் உருவாவதில்லை. உடலின் பெரும்பகுதியில் தோல் ஒட்டு பெற்றவர்கள் நம் ஊர்க் கோடையில் விரைவாகச் சூடேறித் தளர்ந்துவிடுவார்கள். அவர்களை உச்சி வேளையில் வெளியே அனுப்பக் கூடாது என்று வீட்டாரிடம் தனியாகச் சொல்லி அனுப்புவோம்.

சுட்டவுடன் செய்ய வேண்டியது, குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் காயத்தின் மேல் ஓடவிடுவது. ஐஸ் வேண்டாம். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிட வேண்டும். பேனா மையும் பற்பசையும் இட்லி மாவும் பூசிக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் குறையவில்லை. அவற்றைச் சுரண்டி எடுத்த பிறகே காயத்தின் ஆழத்தைப் பார்க்க முடிகிறது, அதற்குள் நோயாளி இரண்டாம் முறையாகத் துடித்துவிடுகிறார். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடி அழைத்து வாருங்கள்.

காயத்தின் பரப்பைக் கணிப்பதற்கு நோயாளியின் கையே அளவுகோல். விரல்களைச் சேர்த்து வைத்தால் அவருடைய உள்ளங்கையின் பரப்பு உடல் தோலில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. பெரியவர்களுக்குப் பதினைந்து, குழந்தைகளுக்குப் பத்து உள்ளங்கை அளவைத் தாண்டிவிட்டால், மருத்துவர் ஐயா சொன்ன அந்தச் சுவர் இல்லாத வழியாக உடம்பின் நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். குடிக்கும் தண்ணீரால் மட்டும் அதை ஈடுசெய்ய முடியாது. நரம்பு வழியாக நீர் ஏற்ற வேண்டியிருக்கும் என்பதால் தாமதிக்காமல் தீக்காயப் பிரிவுள்ள மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும்.